பழைய வண்டியில் பவர் ஸ்டியரிங் பம்ப்: சோதிப்பதும் மாற்றுவதும்

ஸ்டியரிங்கை முழுசாக ஒடிக்கும்போது பானெட்டுக்குள்ளிருந்து உறுமல் வந்தால், "பம்ப் போயிடுச்சு சார், மாத்திடலாம்" என்றுதான் முக்கால்வாசி இடங்களில் சொல்வார்கள். சில நேரம் அது சரியாகவும் இருக்கும். ஆனால் பெல்ட், ஹோஸ், ஆயில் இந்த மூன்றையும் பார்க்காமல் பம்பில் கை வைத்தால், புதுப் பம்ப் போட்ட பிறகும் அதே உறுமல் கேட்கும். எங்கள் வீட்டு 2003 குவாலிஸில் அப்படித்தான் நடந்தது. ஆகவே இந்தப் பதிவில் கழற்றி மாட்டும் வேலையைவிட, அதற்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டியதைத்தான் அதிகம் எழுதியிருக்கிறேன்.

இது பெல்ட்டில் ஓடும் ஹைட்ராலிக் பம்ப் உள்ள வண்டிகளுக்கு: குவாலிஸ், பழைய ஸ்கார்பியோ, ஆக்சென்ட், ஐகான் மாதிரி. மோட்டாரில் இயங்கும் எலெக்ட்ரிக் ஸ்டியரிங் என்றால் உங்கள் வண்டியில் இந்தப் பம்பே கிடையாது.

பம்ப்தானா என்று முதலில் பாருங்கள்

டயர் காற்றைச் சரிபார்த்துவிட்டுத் தொடங்குங்கள். காற்று குறைந்தாலே ஸ்டியரிங் கனக்கும்.

காலையில் ஸ்டார்ட் செய்ததும் "கீச்" என்று கத்தினால் அது பெல்ட். இரண்டு புல்லிகளுக்கு நடுவே கட்டைவிரலால் அழுத்தினால் சுமார் 10 மி.மீ. இறங்கலாம், அதற்கு மேல் தொய்வு கூடாது. பெல்ட்டின் உள்பக்கம் பளபளவென்று வழுவழுத்திருந்தால் இழுத்துக் கட்டிப் பயனில்லை, மாற்றிவிடுங்கள்.

அடுத்து ஆயில். பவர் ஸ்டியரிங் ஆயில் டாங்க் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். தெளிந்த சிவப்பாக இருந்தால் நல்லது. பழுப்பாகி, கருகிய வாடை வந்தால் அதன் ஆயுள் முடிந்தது. நுரைத்து ரோஸ்மில்க் மாதிரி இருந்தால் எங்கோ காற்று புகுகிறது. ஒரு சொட்டை வெள்ளைத் துணியில் தேய்த்து வெயிலில் பாருங்கள். மினுமினுப்பு தெரிந்தால் பம்ப் உள்ளே தேய்ந்து உலோகத் தூள் வருகிறது என்று அர்த்தம்.

அப்புறம் கனம் எப்போது வருகிறது என்று கவனியுங்கள். ஐடிலில் இரண்டு பக்கமும் கனமாக இருந்து, ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்ததும் இலகுவானால் பம்ப் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். பம்புக்குள் ஒரு ரோட்டரும், அதன் பள்ளங்களில் வெளியே தள்ளி நின்று சுவரை உரசியபடி சுற்றும் சின்னச் சின்னத் தகடுகளும் இருக்கின்றன. தகடோ சுவரோ தேய்ந்தால் மெதுவாகச் சுற்றும்போது ஆயில் உள்ளுக்குள்ளேயே கசிந்துவிடும், அழுத்தம் ஏறாது. வேகம் கூடினால் சமாளித்துக்கொள்ளும். ஒரு பக்கம் மட்டும் கனமென்றால் பம்பைத் தொடாதீர்கள், கோளாறு ஸ்டியரிங் பாக்ஸ் வால்வில் இருக்கும். முன் சக்கரங்களைத் தூக்கி நிறுத்தி, எஞ்சின் ஓடாமல் ஒடித்துப் பாருங்கள். ஆங்காங்கே பிடித்துப் பிடித்து விட்டால் பால் ஜாயின்ட்டையோ ஸ்டியரிங் தண்டின் மடங்கும் இணைப்பையோ (காலம் கிராஸ்) பார்க்க வேண்டும்.

சக்‌ஷன் ஹோஸ்

அவசரப்படக் கூடாத இடம் இது. டாங்கிலிருந்து பம்புக்கு வரும் தடித்த ஹோஸில் அழுத்தம் கிடையாது, பம்ப் அதன் வழியாக ஆயிலை உறிஞ்சுகிறது. ரப்பர் இறுகிப்போய் கிளிப் அருகே மயிரிழை விரிசல் விட்டால்கூட, எஞ்சின் ஓடும்போது ஆயில் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். தரையில் ஒரு சொட்டுகூட இல்லாததால் "லீக் இல்லை" என்று நினைத்துவிடுவோம். உள்ளே போன காற்று நுரையாகி, அந்த நுரைதான் பம்பில் உறுமுகிறது. நாளடைவில் நல்ல பம்பையும் தின்றுவிடும்.

கண்டுபிடிக்க ஒரு வழி: இணைப்புகளைத் துடைத்துவிட்டு, எஞ்சின் ஐடிலில் இருக்கும்போது ஒவ்வொன்றின் மேலும் கிரீஸைக் கெட்டியாகப் பூசுங்கள். பெல்ட்டுக்கும் ஃபேனுக்கும் கை போகாத இடமாகப் பார்த்துச் செய்யுங்கள். எந்த இடத்தில் பூசியதும் சத்தம் குறைகிறதோ, அங்கேதான் ஓட்டை. பம்பின் வாயில் குழாய் சேரும் இடத்தில் ஓ-ரிங் (ரப்பர் வளையம்) இருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள், மிக மலிவான பொருள். டாங்கின் அடியில் வலை இருக்கும் வண்டிகளில் அது கசடு அடைத்திருந்தாலும் இதே உறுமல்தான் வரும்.

புது ஹோஸ் ஆயில் தாங்கும் ரகமாக இருக்க வேண்டும். ரேடியேட்டர் தண்ணீர் ஹோஸை அளவாக வெட்டி மாட்டிவிடுவார்கள். ஆயிலில் ஊறி அது உப்பி உதிரும், ஒப்புக்கொள்ளாதீர்கள். பம்பிலிருந்து ஸ்டியரிங் பாக்ஸுக்குப் போகும் அழுத்த ஹோஸ் வேறு கதை. அது வெடித்தால் ஆயில் சூடான எக்ஸாஸ்ட் மேல் பீய்ச்சி தீப்பிடிக்கக்கூடும். அதை கிளிப் போட்டு ஒட்டவே கூடாது, முழுசாக மாற்ற வேண்டும்.

என்ன வாங்குவது

ஷாஃப்ட் வழியாக மட்டும் கசிந்து, அழுத்தம் சரியாக இருந்தால் சீல் கிட் (பம்புக்கான ரப்பர் சீல்கள் செட்) போதும். தூள் வந்துவிட்டது என்றால் பம்ப்தான். சென்னை புதுப்பேட்டை மாதிரி பழைய பார்ட்ஸ் விற்கும் இடத்தில் பழைய பம்ப் எடுத்தால் ஷாஃப்ட்டைக் கையால் சுற்றிப் பாருங்கள். சீராகச் சுற்ற வேண்டும், மேலும் கீழும் ஆட்டம் கூடாது. என் விருப்பம் புதுசுதான். அது கிடைக்காத வண்டிக்கு, பழையதை வாங்கி சீல் கிட் போட்டு மாட்டுவேன், அப்படியே மாட்ட மாட்டேன்.

டாங்க் மூடியில் எழுதியிருக்கும் ஆயிலையே ஊற்றுங்கள். பழைய டொயோட்டாக்களுக்கு டெக்ஸ்ரான் ரக ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்). ஹோண்டாவுக்கு அவர்களுடைய தனி ஆயில் இருக்கிறது. பிரேக் ஆயிலை அவசரத்துக்குக்கூட ஊற்றாதீர்கள், சீல்கள் எல்லாம் உப்பிப்போகும்.

கழற்றி மாட்டுதல்

எஞ்சின் ஆறட்டும். பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். டாங்க் ஆயிலைப் பெரிய சிரிஞ்சால் உறிஞ்சிவிட்டு, பெல்ட்டைத் தளர்த்துவதற்கு முன்பே புல்லி நட்டை (இருந்தால்) லேசாக நெகிழ்த்திவிடுங்கள். பெல்ட் பிடித்திருக்கும்போதுதான் அது சுலபம். பிறகு சக்‌ஷன் ஹோஸ், அழுத்தக் குழாய், மவுண்ட்டிங் போல்ட்டுகள் என்ற வரிசை. அழுத்தக் குழாய்க்கு ஓப்பன் ஸ்பேனர் போட்டால் நட்டின் மூலை மழுங்கிவிடும். பைப் நட்டுக்கென்று இருக்கும், ஒரு பக்கம் வெட்டிய ரிங் ஸ்பேனரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பாஞ்சோ போல்ட் (நடுவே ஆயில் போகும் துளையுள்ள போல்ட்) என்றால் இரண்டு பக்கமும் புதுச் செம்பு வாஷர் போட வேண்டும்.

சில புல்லிகள் நட் இல்லாமல் ஷாஃப்ட்டில் இறுக்கமாக ஏறியிருக்கும். அவற்றைக் கழற்றவும் ஏற்றவும் புல்லர் வேண்டும். சுத்தியலால் தட்டி ஏற்றினால் ஷாஃப்ட் உள்ளே இடித்து, புதுப் பம்ப் அங்கேயே பாழாகும். புல்லர் இல்லையென்றால் லேத் பட்டறையில் கொடுத்து பிரஸ்ஸில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

தூள் வந்த வண்டியில் லைனைக் கழுவாமல் புதுப் பம்ப் மாட்டாதீர்கள். ரிட்டர்ன் ஹோஸை (ஸ்டியரிங் பாக்ஸிலிருந்து ஆயில் திரும்பும் குழாய்) டாங்கிலிருந்து எடுத்து ஒரு பாட்டிலில் விட்டு, முன் சக்கரங்களைத் தூக்கி, எஞ்சின் ஓடாமல் ஸ்டியரிங்கை இரு பக்கமும் ஒடித்தால் பாக்ஸில் இருக்கும் பழைய ஆயில் வெளியேறும். டாங்கையும் கழற்றிக் கழுவுங்கள்.

மாட்டுவதற்கு முன் பம்பின் வாயில் புது ஆயில் ஊற்றி ஷாஃப்ட்டைக் கையால் சுற்றுங்கள். காய்ந்த பம்பை எஞ்சினில் சுற்றவிடக் கூடாது.

காற்று எடுத்தல்

புதுப் பம்பின் ஆயுள் இங்கேதான் தீர்மானமாகிறது. முன்பக்கத்தை ஜாக்கில் தூக்கி, ஸ்டாண்டில் உட்காரவையுங்கள். ஜாக்கை மட்டும் நம்பி வேலை செய்யாதீர்கள். டாங்கை நிரப்பிவிட்டு, எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல், ஸ்டியரிங்கை ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு மெதுவாக ஒடியுங்கள். இன்னொருவர் டாங்கைப் பார்த்துக்கொண்டே இருக்கட்டும். குமிழ் குமிழாக வரும், மட்டம் இறங்கும், ஊற்றுங்கள். இருபது தடவைக்கு மேல்கூட ஆகலாம். குமிழ் நின்றால்தான் எஞ்சினை ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

ஸ்டார்ட் செய்ததும் ஐடிலிலேயே மெதுவாக ஒடியுங்கள். கடைசி லாக்கில் ஐந்து விநாடிக்கு மேல் பிடிக்காதீர்கள், ஆயில் கொதித்துவிடும். நுரை தெரிந்தால் எஞ்சினை நிறுத்தி, நுரை அடங்கும்வரை விட்டுவிட்டுத் திரும்பச் செய்யுங்கள். ஆக்சிலரேட்டரை மிதித்துக் காற்றை விரட்டப் பார்த்தால் அது இன்னும் பொடிக் குமிழாகி ஆயிலோடு கலந்துவிடும்.

பின்சேர்க்கை

"எஞ்சினை நிறுத்தியதும் டாங்கில் ஆயில் பொங்கி வழிகிறது" என்று ஒருவர் எழுதியிருந்தார். அது உள்ளே மிச்சமிருக்கும் காற்று. ஓடும்போது அழுந்தியிருந்து, நிறுத்தியதும் விரிகிறது. ஐடிலில் மட்டத்தைக் குறித்துக்கொண்டு நிறுத்திப் பாருங்கள். 5 மி.மீ.க்கு மேல் ஏறினால் காற்று எடுக்கும் வேலை முடியவில்லை. திரும்பத் திரும்ப ஏறினால் சக்‌ஷன் ஹோஸுக்கே போங்கள்.

இன்னொருவருக்கு, பம்ப் மாற்றியபின் ஸ்டியரிங்கை ஒடித்தால் எஞ்சின் நின்றுவிடுகிறதாம். பெட்ரோல் வண்டி. பம்பிலோ அழுத்தக் குழாயிலோ ஒரு பிரஷர் ஸ்விட்ச் இருக்கும். ஸ்டியரிங் சுமை ஏறும்போது ஐடிலைக் கொஞ்சம் தூக்கச் சொல்லி எஞ்சின் கம்ப்யூட்டருக்குத் தகவல் தருவது அதுதான். அந்த வயர் சாக்கெட்டைத் திரும்ப மாட்டியிருக்கிறதா, உள்ளே ஆயில் இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள்.