போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் சர்வரில் செய்யக் கூடாத தவறுகள்

2017 ஜனவரி 31 அன்று, மென்பொருள் கோடைச் சேமித்துப் பகிர உதவும் கிட்லேப் நிறுவனத்தில், துணைச் சர்வர் என்று நினைத்து முதன்மைச் சர்வரின் டேட்டா கோப்பகத்தை அழித்துவிட்டார்கள். சுமார் 300 ஜி.பி.யில் 4.5 ஜி.பி.தான் மிஞ்சியது. பேக்கப்பைத் தேடிப் போனால், அது எடுக்கப்படவே இல்லை. சர்வரில் ஓடியது போஸ்ட்கிரெஸ் 9.6 பதிப்பு, பேக்கப் வேலை அழைத்ததோ 9.2-இன் பிஜி டம்ப் (டேட்டாவைக் கோப்பாக எடுக்கும் கருவி). தன்னைவிடப் புதிய பதிப்புச் சர்வரிலிருந்து டம்ப் எடுக்க அது மறுத்துவிடும். தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்களும் டிமார்க் (அனுப்புநர் உண்மையானவரா என்று பார்க்கும்) சரிபார்ப்பில் விழுந்துபோயின. ஆறு மணி நேரத்துக்கு முன்பு தற்செயலாக எடுத்த ஒரு ஸ்னாப்ஷாட்தான் (டிஸ்க்கின் அந்நேர நகல்) கைகொடுத்தது. நடந்ததை அவர்கள் ஒளிக்காமல் எழுதி வெளியிட்டது மற்ற நிர்வாகிகளுக்குப் பெரிய உதவி.

ஆகவே, பேக்கப் எடுத்தால் மட்டும் போதாது. வாரம் ஒருமுறையாவது தனிச் சர்வரில் அதை ரீஸ்டோர் செய்து, முக்கிய டேபிள்களின் வரிசை எண்ணிக்கையையும் கடைசிப் பதிவின் நேரத்தையும் ஒப்பிடுங்கள். ரீஸ்டோருக்கு எவ்வளவு நேரம் ஆனது என்றும் குறித்துவையுங்கள். நிர்வாகம் முதலில் கேட்கப்போவது அதைத்தான். ரெப்ளிகா (முதன்மைச் சர்வரின் மாற்றங்களை உடனுக்குடன் பெறும் துணைச் சர்வர்) இருக்கிறதே என்று இருந்துவிட வேண்டாம். தவறான டெலீட் அங்கேயும் நொடியில் போய்ச் சேர்ந்துவிடும். முழு பேக்கப்பும் அதற்குப் பிந்தைய வால் (WAL, ஒவ்வொரு மாற்றத்தையும் முன்கூட்டியே பதியும் பதிவேடு) கோப்புகளும் சேர்ந்து இருந்தால்தான், தவறு நடந்ததற்கு முந்தைய நிமிடத்துக்குத் திரும்ப முடியும்.

அந்த வால் கோப்புகளே டிஸ்க்கை நிரப்புவதும் உண்டு. அவற்றை வேறிடத்துக்கு நகலெடுக்கும் ஆர்க்கைவ் கட்டளை தோற்றுக்கொண்டிருந்தாலும், நீக்கிய ரெப்ளிகாவின் ஸ்லாட் (அதற்காக வால் கோப்புகளைப் பிடித்துவைக்கும் பதிவு) அப்படியே கிடந்தாலும், கோப்புகள் குவிந்துகொண்டே போகும். இடம் தீர்ந்த பதற்றத்தில் பிஜி வால் கோப்பகத்துக்குள் புகுந்து கையால் அழிக்காதீர்கள். டேட்டாபேஸ் திரும்ப எழாமலே போகலாம். ஸ்லாட்டை நீக்குங்கள், ஆர்க்கைவைச் சரிசெய்யுங்கள். மிச்சத்தை அடுத்த செக்பாயிண்ட் (நினைவகத்தில் உள்ள மாற்றங்களை டிஸ்க்கில் எழுதி முடிக்கும் கட்டம்) பார்த்துக்கொள்ளும். 13-ஆம் பதிப்பிலிருந்து ஸ்லாட்டுக்கு உச்சவரம்பு வைக்கும் அமைப்பு இருக்கிறது. ஆனால் இயல்பில் அதற்கு வரம்பே இல்லை, நீங்கள்தான் வைக்க வேண்டும்.

டேபிள் வீங்கி வேகம் குறைகிறது என்றால், பலர் செய்வது, நீக்கியும் மாற்றியும் செத்துப்போன பழைய வரிசைகளைத் தானே அகற்றும் ஆட்டோவேக்யூமை நிறுத்துவது. நேர்மாறாகச் செய்ய வேண்டும். இயல்பு அமைப்பில் டேபிளின் 20 சதவீத வரிசைகள் செத்த பிறகுதான் அது கிளம்பும். 10 கோடி வரிசை உள்ள டேபிளில் அது 2 கோடி செத்த வரிசை. அந்த ஒரு டேபிளுக்கு மட்டும் இந்தச் சதவீதத்தைக் குறிக்கும் ஸ்கேல் ஃபேக்டரை 0.01 ஆக்கினால் 10 லட்சத்திலேயே வேலை தொடங்கும். அப்படியும் குறையவில்லையா? இணைப்புகளின் நிலையைக் காட்டும் பிஜி ஸ்டாட் ஆக்டிவிட்டியில் 'ஐடில் இன் டிரான்சாக்ஷன்' (டிரான்சாக்ஷனைத் தொடங்கி முடிக்காமல் சும்மா இருக்கும்) நிலையில் மணிக்கணக்காகக் கிடக்கும் இணைப்பு இருக்கிறதா பாருங்கள். அது பழைய ஸ்னாப்ஷாட்டை (இங்கே, அந்த நேரத்து டேட்டாவின் தோற்றம்) பிடித்துக்கொண்டிருந்தால், அதற்குப் பின் செத்த வரிசைகளை வேக்யூமால் அகற்ற முடியாது. இதற்கான டைம்அவுட்டின் இயல்பு மதிப்பு பூஜ்யம், அதாவது வெட்டவே வெட்டாது. 5 நிமிடம் என்று வையுங்கள்.

வினவலுக்கான நினைவக வரம்பான ஒர்க் மெம் கணக்கில் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். அது இணைப்புக்கு ஒன்று அல்ல. ஒரே வினவலில் வரும் ஒவ்வொரு சார்ட்டுக்கும் ஒவ்வொரு ஹேஷுக்கும் தனித்தனி. 64 எம்.பி. வைத்து, 200 இணைப்புகள் தலா மூன்று சார்ட் செய்தால் சுமார் 38 ஜி.பி. 32 ஜி.பி. சர்வர் என்ன செய்யும்? லினக்ஸ் ஒரு ப்ராசஸைக் கொல்லும். உடனே போஸ்ட்கிரெஸ் பாதுகாப்புக்காக எல்லா இணைப்பையும் துண்டித்து, ரெகவரிக்குப் போய்விடும். பொது மதிப்பைச் சிறிதாக வைத்து, இரவு ரிப்போர்ட் எடுக்கும் யூசருக்கு மட்டும் கூட்டிக்கொடுங்கள்.

பகலில் ஆல்டர் டேபிள் (டேபிளின் அமைப்பை மாற்றும் கட்டளை) ஓட்டும்போது லாக் டைம்அவுட் (பூட்டுக்காகக் காத்திருக்கும் நேர வரம்பு) இல்லாமல் ஓட்டாதீர்கள். ஒரு நீண்ட செலக்ட்டுக்குப் பின்னால் அது காத்திருந்தால், பின்னே வரும் செலக்ட்டுகள் எல்லாம் அதன் பின்னால் வரிசையில் நிற்கும். பயனாளருக்கு மொத்தத் தளமும் நின்றதுபோலவே இருக்கும். 3 விநாடி வைத்து, தோற்றால் மறுபடி முயலுங்கள். இண்டெக்ஸ் உருவாக்கும் கட்டளையில், டேபிளில் எழுதுவதைத் தடுக்காத 'கன்கரன்ட்லி'யைச் சேருங்கள்; பாதியில் தோற்றால் செல்லாத இண்டெக்ஸ் ஒன்று மிஞ்சும், அதை நீக்கிவிட்டு மறுபடி உருவாக்குங்கள்.

பாதுகாப்பில் மிகக் கொடிய தவறு, அப்ளிகேஷனை சூப்பர்யூசராக இணைப்பது. காப்பி கட்டளையின் 'ப்ரோக்ராம்' வசதி வழியாக சூப்பர்யூசர் இயங்குதளக் கட்டளையையே ஓட்டலாம். ஒரு எஸ்.க்யூ.எல். இன்ஜெக்‌ஷன் ஓட்டை இருந்தால் சர்வரே கைமாறிவிடும். டேபிள்களின் உரிமையாளர் ஒரு ரோல், அப்ளிகேஷன் வேறொரு ரோல் என்று பிரியுங்கள். யார் எப்படி இணையலாம் என்று சொல்லும் பிஜி ஹெச்பிஏ கோப்பில் முதலில் பொருந்தும் வரிதான் செல்லும். மேலே பாஸ்வேர்டே கேட்காத ஒரு 'டிரஸ்ட்' வரி கிடந்தால், கீழே ஸ்க்ராம் (பாஸ்வேர்ட் சரிபார்ப்பு முறை) எழுதியும் பயனில்லை. பாஸ்வேர்டை ஆல்டர் ரோல் கட்டளையில் நேரடியாக எழுதினால் அது சர்வரின் பதிவுக் கோப்பில் அப்படியே பதியக்கூடும். பி.எஸ்.க்யூ.எல். கருவியின் பாஸ்வேர்ட் கட்டளை அதை மறையாக்கிய பிறகே சர்வருக்கு அனுப்பும், அதையே பயன்படுத்துங்கள்.