"அல்சராம்" என்பதோடு நிறுத்தாதீர்கள், எந்த இடத்தில் என்று கேளுங்கள்

எண்டோஸ்கோப்பி செய்துகொண்டு வந்தவரிடம் என்ன சொன்னார்கள் என்று கேட்டால், "அல்சராம், மாத்திரை கொடுத்திருக்காங்க" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அந்தப் புண் இரைப்பையிலா, அதை அடுத்த முன்சிறுகுடலிலா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் வருவதுதான் முதல் தவறு. இரண்டையும் அல்சர் என்றே சொன்னாலும், புற்றுநோய் பற்றிய கவலையில் இரண்டும் ஒன்றல்ல.

முன்சிறுகுடல் புண் பெரும்பாலும் அதன் தொடக்கப் பகுதியிலேயே வரும். அங்கே வரும் புண் புற்றாக இருப்பது மிக அரிது. இரைப்பையில் அப்படி நிம்மதியாக இருந்துவிட முடியாது. சாதாரணப் புண் போலவே தெரிவது, உண்மையில் மேற்பரப்பு அரித்துப்போன புற்றாகவும் இருக்கலாம். அனுபவமுள்ள மருத்துவரின் கண்ணும் இதில் ஏமாறும். அதனால்தான் புண்ணின் விளிம்பில் பல இடங்களிலிருந்து சதைத்துணுக்கு எடுத்து பயாப்சிக்கு அனுப்புகிறார்கள். இரத்தம் கசிந்துகொண்டிருந்தால் அன்றைக்கு எடுக்காமல் விடுவதுண்டு; அப்புறம் எப்போது எடுப்பார்கள் என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

இடத்தை வைத்தே முடிவு கட்டுவதும் தவறுதான். சாதாரண இரைப்பைப் புண் அதிகம் வருவது சிறுவளைவில், அதாவது இரைப்பையின் குட்டையான உள்பக்க வளைவில். எதிர்ப்பக்கத்துப் பெருவளைவில் புண் இருந்தால் சந்தேகப்படு என்பது பழைய பாடம். சந்தேகப்படுவது சரி. ஆனால் ஆஸ்பிரின், டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகளால் பெருவளைவிலும் புண் வரும். சிறுவளைவிலும் புற்று வரும்.

வலிக்கும் இடத்தை விரலால் தொட்டுக் காட்டி, "இங்கேதான் புண்" என்று நினைப்பவர்கள் நிறைய. இரைப்பைப் புண், முன்சிறுகுடல் புண், புற்று எல்லாமே மேல்வயிற்றில்தான் வலிக்கும். சில சமயம் வலியே இருக்காது. புற்று எங்கே இருக்கிறது என்பதற்கு வேறு அறிகுறிகள் ஓரளவு துப்புக் கொடுக்கும். உணவுக்குழாய் வந்து சேரும் மேல்முனையில் இருந்தால் சோறு தொண்டைக்குக் கீழே சிக்குவது போலிருக்கும். வெளிவாசலான கீழ்முனையை அடைத்தால், காலையில் சாப்பிட்டது மாலையில் அப்படியே வாந்தியாக வரும். நடுப்பகுதியில் இருந்தால் பல மாதங்கள் சத்தமே காட்டாது. எடை குறைவதும் இரத்தசோகையும்தான் முதலில் தெரியும். மலம் தார் போலக் கறுத்தால், எந்த வகைப் புண்ணானாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

எனக்கு அதிகக் கவலை தருவது இன்னொன்று. அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ரசோல், பான்டோப்ரசோல் மாத்திரைகளைப் போட்டதும் வலி நின்றுவிடும். "சரியாகிவிட்டது, இனி எதற்கு எண்டோஸ்கோப்பி?" என்று விட்டுவிடுகிறார்கள். தொடக்கநிலைப் புற்றின் மேலிருக்கும் புண்கூட இந்த மாத்திரைகளால் தற்காலிகமாக ஆறும். ஆகவே இரைப்பைப் புண்ணுக்குப் பொதுவாக 8 முதல் 12 வாரத்தில் மறுபடியும் எண்டோஸ்கோப்பி செய்து, ஆறியதா என்று பார்க்கச் சொல்கிறார்கள். ஆறாமல் இருந்தால் மறுபடியும் பயாப்சி. முதல் நாள் மாத்திரைச் சீட்டு வாங்கும்போதே அந்தத் தேதியையும் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.