பேனர்மேன் தீவு: கோட்டை என்று நம்பிக் கோட்டைவிடும் இடங்கள்

நியூயார்க் நகரிலிருந்து ஹட்ஸன் ஆற்றோடு வடக்கே சுமார் 80 கி.மீ. போனால் பொல்லபெல் தீவு. பேனர்மேன் தீவு என்பதும் இதுதான். அங்கே இடிந்து நிற்கும் கட்டடத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் முதல் வரியிலேயே சறுக்குகிறார்கள்: யாரோ கோடீஸ்வரரின் அரண்மனை, இல்லாவிட்டால் தனிப்படை வைத்திருந்தவரின் கோட்டை. இரண்டுமில்லை, அது சரக்குக் கிட்டங்கி. 'பேனர்மேன் தீவு ஆயுதக் கிடங்கு' என்று சுவரிலேயே பெரிய எழுத்தில் பொறித்திருக்கிறது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாலே தெரியும். குடும்பம் தங்கிய வீடு மேட்டின்மேல் தனியாக, சிறியதாக இருக்கிறது. இந்த இரண்டு கட்டடங்களின் படங்களையும் மாற்றிப் போட்டுவிடாதீர்கள்.

பிரான்சிஸ் பேனர்மேன் 1851-இல் ஸ்காட்லாந்தின் டண்டியில் பிறந்து, சிறு வயதிலேயே புரூக்ளினுக்கு வந்தவர். தொழில், நம்மூர் வழக்கில் சொன்னால், காயலான் கடை. அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்து அரசு ஏலத்துக்கு விட்ட ஆயுதங்களை மற்றவர்கள் உருக்குவதற்கு எடுத்தார்கள். எடைக்குப் போடுவதைவிட துப்பாக்கியைத் துப்பாக்கியாகவே விற்றால் காசு அதிகம் என்பது இவர் கணக்கு. 1898 போரில் அமெரிக்கா ஸ்பெயினிடம் கைப்பற்றிய சரக்கில் பெரும்பங்கு இவரிடம் வந்து சேர்ந்தது. அத்தனை தோட்டாவையும் வெடிமருந்தையும் நகருக்குள் அடுக்கி வைக்க வழியில்லை. அதனால்தான் 1900-இல் தீவை வாங்கி, அடுத்த ஆண்டு கட்டத் தொடங்கினார். கோட்டை ஆசையில் தீவு வாங்கினார் என்று எழுதினால் கதை தலைகீழாகிவிடும். கோட்டை வடிவம், ரயிலிலும் படகிலும் போகிறவர்கள் கண்ணில் படுவதற்கான இலவச விளம்பரப் பலகை.

அடுத்த குழப்பம் ஆண்டுகளில். பேனர்மேன் இறந்தது 1918 நவம்பரில். சுமார் 200 டன் குண்டும் வெடிமருந்தும் தீவில் வெடித்தது 1920 ஆகஸ்டில். ஆகவே வெடிவிபத்தில் அவர் மாண்டார் என்பது கட்டுக்கதை. இன்று காணும் பாழடைந்த கோலத்துக்கும் அந்த வெடிப்பு முதல் காரணமல்ல. வெடித்த பிறகும் கிட்டங்கி பல பத்தாண்டுகள் சரக்கு வைக்கப் பயன்பட்டது. 1967-இல் தீவு மாநில அரசின் கைக்குப் போனது. 1969 ஆகஸ்ட் தீயில்தான் கூரையும் தளங்களும் போயின. தளம் போனபின் சுவரைப் பிடித்து நிறுத்த உள்ளே எதுவுமில்லை. 2009 கடைசியில் கோபுரச் சுவரில் ஒரு பகுதி சரிந்தது.

சுவர் ஏன் அப்படி விழுகிறது என்பதற்கு இன்னொரு விடை கான்கிரீட் கலவைக்குள்ளேயே இருக்கிறது. வலுவூட்டும் கம்பிக்குப் பதில் பழைய கட்டில் சட்டங்களைப் போட்டுக் கட்டினார்கள். உபரி வியாபாரி வேறென்ன போடுவார்! ஈரம் ஏறியதும் இரும்பு துருப்பிடித்து ஊதும். ஊதினால் மேல்பூச்சு விரிசல் விடும். விரிசலில் தண்ணீர் இறங்கிப் பனிக்காலத்தில் உறையும். பார்வையாளர்களைச் சுவரடிக்கு விடாததற்கு அதுவே போதும்.

பேனர்மேன் கடைப் பொருள் என்று ஏதாவது விற்பனைக்கு வந்தால், அந்தக் கடை வெளியிட்ட விற்பனைப் பட்டியல் புத்தகத்தின் வருணனையைச் சரித்திரச் சான்றாக எடுக்காதீர்கள். அது விற்கிறவர் எழுதியது. படத்தையும் அளவையும் மட்டும் ஒப்பிடுங்கள். துப்பாக்கி என்றால் குழல், உடல், தாழ் (bolt) மூன்றிலும் உள்ள எண்களைத் தனித்தனியே படியுங்கள். வெவ்வேறு துப்பாக்கிகளின் உதிரிகளைக் கோத்து விற்றதும் இவர் வியாபாரத்தில் உண்டு. எண் ஒத்துப்போகாத ஒன்றில் தோட்டா போட்டுச் சோதித்துப் பார்க்கவே கூடாது.