மாதக் கணக்கில் இடம்பெறாத செலவுகள்: வீட்டு பட்ஜெட் நிலைத்து நிற்க ஒரு வழிமுறை

வீட்டு வரவு செலவுக்குத் திட்டம் போடத் தொடங்கும் பலர் இரண்டாவது அல்லது மூன்றாவது மாதத்திலேயே அதைக் கைவிட்டுவிடுகிறார்கள். கட்டுப்பாடு போதவில்லை என்று தங்களையே நொந்துகொள்ளவும் செய்கிறார்கள். ஆனால் கணக்கு நோட்டைப் புரட்டிப் பார்த்தால், வாடகை, மளிகை, மின்கட்டணம் எல்லாம் ஏறத்தாழத் திட்டப்படியே நடந்திருக்கும். கணக்கைக் கவிழ்த்தது வண்டிக் காப்பீட்டின் ஆண்டுத் தவணையாகவோ, பிள்ளையின் பள்ளிக் கட்டணமாகவோ, பழுதாகி நின்ற சலவை இயந்திரமாகவோ இருக்கும். இவை என்றாவது வரும் என்பது வீட்டில் அனைவருக்கும் முன்பே தெரியும். மாதந்தோறும் வராத ஒரே காரணத்தால் மாதக் கணக்கில் அவற்றுக்கு இடம் கிடைக்கவில்லை. அந்த இடத்தை ஒதுக்குவதுதான் பட்ஜெட்டின் கடினமான பகுதி.

திட்டம் போடுவதற்கு முன் ஒரு மாதம் செலவுகளை எழுதி மட்டும் வாருங்கள். அந்த மாதத்தில் எதையும் குறைக்க முயல வேண்டாம். குறைத்தால் உங்கள் வழக்கமான செலவு எவ்வளவு என்பது தெரியாமலே போய்விடும். கடந்த சில மாத வங்கிக் கணக்கு அறிக்கையையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். நோட்டா, செயலியா என்பது அவரவர் விருப்பம். செலவுத் தலைப்புகள் எட்டு அல்லது பத்துக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்வது நல்லது. நாற்பது தலைப்புகள் வைத்து எழுதத் தொடங்கியவர்கள் பெரும்பாலும் எழுதுவதையே நிறுத்திவிடுகிறார்கள். ‘இதர’ என்ற தலைப்பு மொத்தச் செலவில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் மட்டும் அதைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

வரவு என்று எழுதும்போது, பிடித்தங்கள் போகக் கைக்கு வரும் தொகையையே எழுத வேண்டும். தொழில் செய்பவர்களுக்கும் வருமானம் ஏறி இறங்கும் வேலையில் இருப்பவர்களுக்கும் சராசரி உதவாது. கடந்த 12 மாதங்களில் மிகக் குறைவாக வந்த மாதத்தின் தொகையை அடிப்படையாக வைத்து வீட்டை நடத்தப் பழகி, கூடுதலாக வரும் மாதங்களில் எஞ்சுவதைத் தனிக் கணக்கில் சேர்த்து, வரவு குறையும் மாதங்களில் அதிலிருந்து எடுத்துக்கொள்வது பாதுகாப்பான முறை.

இனி ஆண்டுச் செலவுகளுக்கு வருவோம். ஒரு தாளில் 12 மாதங்களையும் வரிசையாக எழுதி, எந்த மாதத்தில் எந்தப் பெருஞ்செலவு வரும் என்பதைக் குடும்பத்தினருடன் உட்கார்ந்து குறித்துக்கொள்ளுங்கள். மாத வரவை 100 என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்குக் காப்பீடு 36, கல்விக் கட்டணம் 60, ஆடையும் விசேஷங்களும் 30, வண்டி மற்றும் வீட்டுப் பழுதுபார்ப்பு 24, மருத்துவப் பரிசோதனை 18 என்று வருகிற ஒரு குடும்பத்துக்கு மொத்தம் 168 ஆகிறது. இதை 12ஆல் வகுத்தால் மாதத்துக்கு 14. அதாவது, தன் கையில் 100 இருப்பதாக நினைத்துச் செலவழிக்கும் அந்தக் குடும்பத்தின் கையில் உண்மையில் இருப்பது 86தான். அந்த 14ஐச் சம்பளம் வந்த அன்றே, அன்றாடம் புழங்காத வேறொரு கணக்குக்கு மாற்றிவிட வேண்டும்.

முதல் ஆண்டில் மட்டும் ஒரு சிக்கல் உண்டு. கல்விக் கட்டணம் இன்னும் நான்கு மாதங்களில் கட்ட வேண்டியதாக இருந்தால், மாதம் 5 ஒதுக்கினால் போதாது. 60ஐ நான்கால் வகுத்து மாதம் 15 எடுத்துவைக்க வேண்டும். ஆகவே முதல் ஆண்டு நெருக்கடியாகத்தான் இருக்கும். அதைத் திட்டத்தின் தோல்வியாக எண்ணிவிடக் கூடாது. இரண்டாம் ஆண்டில் சுமை தானாகவே சமப்படும்.

இந்தத் தொகையை அவசரநிதியோடு கலந்துவிட வேண்டாம். வேலை போவது, திடீர் நோய் போன்று நாள் குறிக்க முடியாதவற்றுக்கே அவசரநிதி. மூன்று முதல் ஆறு மாதங்களுக்கான அத்தியாவசியச் செலவு அதில் இருக்க வேண்டும் என்பது பொதுவான அளவு. அளவுகோல் வருமானம் அல்ல, செலவு என்பதைக் கவனியுங்கள். ஒருவர் சம்பாத்தியத்தில் நடக்கும் குடும்பம் ஆறு மாதத்தை நோக்கிப் போவதே நல்லது. நினைத்தவுடன் எடுக்க முடியாத முதலீட்டில் இதைப் போடக் கூடாது.

தேவைக்கு 50, விருப்பத்துக்கு 30, சேமிப்புக்கு 20 சதவீதம் என்ற பங்கீடு பரவலாகச் சொல்லப்படுகிறது. வாடகையே வருமானத்தில் பாதியை விழுங்கும் குடும்பத்துக்கு இது மனச்சோர்வைத்தான் தரும் என்பது என் கருத்து. 5 சதவீதத்தில் தொடங்கி, சம்பளம் உயரும் ஒவ்வொரு முறையும் உயர்வில் பாதியைச் சேமிப்புக்குத் திருப்பினால், இருக்கும் வசதி எதையும் குறைக்காமலேயே சேமிப்பின் பங்கு ஏறிக்கொண்டு போகும்.

கடன் இருந்தால் வட்டியை ஆண்டுக் கணக்கில் பார்க்கப் பழக வேண்டும். மாதம் 3 சதவீதம் என்பது கேட்பதற்குச் சிறிதாக இருக்கிறது. ஆனால் வட்டிக்கு வட்டி சேரும்போது ஆண்டுக்கு 42 சதவீதத்தைத் தாண்டுகிறது. கிரெடிட் கார்டில் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிவந்தால் அதில் பெரும்பகுதி வட்டிக்கே போய்விடுவதால் அசல் அசையாது. ‘ஃபிளாட்’ வட்டி (flat rate) என்று சொல்லித் தரப்படும் கடனும் ஏமாற்றும்: 12 சதவீத வட்டியில் ஓராண்டுக் கடன் வாங்கி மாதத் தவணையாகக் கட்டும்போது அசல் குறைந்துகொண்டே வந்தாலும் வட்டி தொடக்கத்தில் வாங்கிய முழு அசலுக்கே கணக்கிடப்படுகிறது. மீதமிருக்கும் அசலுக்கு மட்டும் வட்டி போடும் முறையில் பார்த்தால் அது ஆண்டுக்கு 21 சதவீதத்துக்கும் மேல். பல கடன்கள் இருந்தால், எல்லாவற்றுக்கும் குறைந்தபட்சத் தவணையைத் தவறாமல் கட்டிக்கொண்டு, மிகுதிப் பணம் முழுவதையும் வட்டி அதிகமான கடனில் போடுவதுதான் கணக்குப்படி லாபம். மிகச் சிறிய கடனை முதலில் அடைத்தால் கிடைக்கும் தெம்புக்காகச் சிலர் அப்படிச் செய்கிறார்கள். வட்டி விகிதங்களுக்கிடையே பெரிய வேறுபாடு இல்லாதபோது அதிலும் தவறில்லை. ஆனால் ஒரு மாதச் செலவுக்காவது பணத்தைக் கையில் நிறுத்திக்கொண்ட பிறகே கடனை வேகமாக அடைக்க இறங்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த சிறு செலவுக்கே மறுபடி கடன் வாங்க நேரும்.

கணக்கை ஒருவர் மட்டும் பார்த்து மற்றவர்களுக்கு ஆணையிடும் வீட்டில் எந்தத் திட்டமும் நீடிப்பதில்லை. சம்பாதிப்பவர், சம்பாதிக்காதவர் என்ற பேதமின்றிப் பெரியவர்கள் ஒவ்வொருவருக்கும் கணக்குக் கேட்கப்படாத ஒரு சிறு தொகையை ஒதுக்கிவிட்டால் பாதிச் சண்டைகள் குறையும். மாதம் ஒரு முறை அரை மணி நேரம் எல்லோரும் சேர்ந்து உட்கார வேண்டும். முடிந்த மாதத்தில் யார் கூடுதலாகச் செலவழித்தார் என்பதைத் துருவுவதற்கு அந்த நேரத்தைச் செலவிடாமல், 12 மாதத் தாளை எடுத்து, வரவிருக்கும் மூன்று மாதங்களில் என்னென்ன கட்ட வேண்டும், அவற்றுக்குத் தனிக் கணக்கில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பதைப் பார்த்து, குறையும் தொகைக்கு அடுத்த மாத ஒதுக்கீட்டை அப்போதே திருத்தி எழுதிக்கொள்ளுங்கள்.