மூன்றாம் கட்டுக்கு வைஃபை: ரிப்பீட்டர் வாங்குவதற்கு முன்

போன வாரம் கானாடுகாத்தானில் ஒரு வீட்டில் கேமரா மாட்டிக்கொண்டிருந்தேன். தொழிலுக்குப் புதிதாக வந்த இரண்டு தம்பிகள், அதே வீட்டின் கடைசிக் கட்டில், அதாவது பின்கோடிப் பகுதியில், ஒரு ரிப்பீட்டரைச் செருகினார்கள். ரூட்டரின் வைஃபை சிக்னலை வாங்கித் திரும்பப் பரப்பும் பெட்டிதான் ரிப்பீட்டர். போனில் நாலு கோடும் நிரம்பியதைக் காட்டிப் பணம் வாங்கிக்கொண்டு கிளம்பப் பார்த்தார்கள். பத்து வருஷத்துக்கு முன்னால் நானும் இதையேதான் செய்தேன். இந்த வேலையில் செய்யக்கூடிய தவறுகளை அவர்களை உட்காரவைத்துச் சொன்னேன். அவற்றை ஒவ்வொன்றாக இங்கே எழுதுகிறேன். ரூட்டரை பீரோவுக்குப் பின்னால் வைக்காதே, ஆஃப் செய்து ஆன் செய் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். விட்டுவிடுகிறேன்.

சிக்னல் செத்த இடத்தில் ரிப்பீட்டர்

நம் செட்டிநாட்டுப் பக்கத்துப் பெரிய வீடுகள் ஒரு தெருவில் முகப்பு, அடுத்த தெருவில் பின்வாசல் என்று நீளுபவை. ஃபைபர் முகப்புக்கு வரும், ரூட்டரும் அங்கேயே உட்கார்ந்துவிடும். வளவு முற்றம் வானம் பார்த்துத் திறந்திருப்பதால் அதைச் சுற்றிய தாழ்வாரம் வரை தொல்லையில்லை. அதற்குப் பிறகுதான் செங்கல்லும் சுண்ணாம்புமாகக் கனத்த சுவர்கள். இரண்டு சுவரைத் தாண்டுவதற்குள் வைஃபையின் வேகமான 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை ஓய்ந்துவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் இன்னும் கொஞ்சம் உள்ளே போகும், ஆனால் அதில் வேகம் குறைவு.

பள்ளத்தூரில் ஓர் ஆச்சி வீடு. வெளிநாட்டில் இருக்கும் பேரனோடு இரண்டாம் கட்டு அறையிலிருந்து பேச வேண்டும். அந்த அறையிலேயே ரிப்பீட்டரை மாட்டிவிட்டு வந்தேன். மறுநாளே போன்: "தம்பி, கோடு முழுசா இருக்கு. ஆனா பேரன் முகம் அப்படியே நின்னு போகுதே." நெட் வேகத்தை அளந்தேன். முகப்பில் 94 எம்பிபிஎஸ், அறையில் 3. இடைவழியில் இன்னொரு ரிப்பீட்டர் போட்டேன், பிறகு மூன்றாவதும். நாலு தடவை போய் வந்தேன். ஆச்சி ஒவ்வொன்றுக்கும் காசு கொடுத்தார்கள். அந்தக் காசு இன்னும் எனக்கு உறுத்துகிறது.

போனில் தெரியும் கோடு, போனுக்கும் ரிப்பீட்டருக்கும் இடையே உள்ள பலத்தை மட்டும்தான் சொல்லும். ரிப்பீட்டருக்கு ரூட்டரிலிருந்து என்ன வருகிறது என்று சொல்லாது. குழாய் புதிது, தொட்டியில் தண்ணீர் இல்லை. அதோடு, மலிவான ரிப்பீட்டர் ஒரே ரேடியோவால் வாங்கி, அதே ரேடியோவால் கொடுக்கிறது. இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய முடியாததால் வேகம் ஏறத்தாழ பாதியாகும். அதன் மேல் இன்னொன்று மாட்டினால் கால்வாசி. ஒன்றோடொன்று வைஃபையில் பேசிக்கொள்ளும் மெஷ் பெட்டிகள் வாங்கினாலும் நடுவில் நிற்பது அதே சுவர்தான்.

கடைசியில் ஆச்சி வீட்டில் செய்தது இதுதான்: ரூட்டரிலிருந்து கேட் 6 (Cat 6) நெட்வொர்க் ஒயர் ஒன்றை, தாழ்வார ஓட்டுச் சரிவின் அடியில் உத்தரத்தை ஒட்டி இழுத்து, அறைக்குள் ஓர் ஆக்சஸ் பாயிண்ட் வைத்தேன். ஒயரில் வரும் நெட்டை வைஃபையாகக் கொடுக்கும் பெட்டி அது. இந்த ஒயர் 100 மீட்டர் வரை தாங்கும். எவ்வளவு நீள வீட்டுக்கும் அநேகமாகப் போதும். அறையில் 90-க்கு மேல் வந்தது. முதல் நாளே செய்திருந்தால் மூன்று ரிப்பீட்டர் காசு மிச்சம். ரிப்பீட்டர் தவிர வேறு வழியே இல்லையென்றால், சிக்னல் இன்னும் நன்றாக இருக்கிற இடத்தில், பாதி வழியிலேயே அதை நிறுத்துங்கள்.

பழைய ரூட்டரை அப்படியே மாட்டுவது

ஆக்சஸ் பாயிண்டுக்குப் பதில் வீட்டில் கிடக்கும் பழைய ரூட்டரையும் வைக்கலாம். ஆனால் அதில் போன், கணினிக்கெல்லாம் ஐபி முகவரி கொடுக்கும் டிஎச்சிபி (DHCP) வசதியை ஆஃப் செய்து, அதன் ஐபி முகவரியை மாற்றி, ஒயரை லேன் (LAN) போர்ட்டில் செருக வேண்டும். இரண்டு பெட்டியும் முகவரி கொடுக்க ஆரம்பித்தால் நெட் வரும், போகும், காரணம் தெரியாமல் அலைவீர்கள்.

பெரிய பிளானுக்கு மாறுவது

300 எம்பிபிஎஸ் பிளான் எடுத்தாலும் சுவர் அதே சுவர்.

ஒயரில் மிச்சம் பிடிப்பது

அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய ஒயர் மலிவாகக் கிடைக்கிறது. வளைத்தால் முறிகிறது. உள்ளே இருக்கும் எட்டுக் கம்பியில் ஒன்று விட்டாலும் ஜிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) வேகம் கிடைக்காது. முழுச் செம்பு கேட்டு வாங்குங்கள்.

கதவைத் திறந்துவைத்து அளப்பது

முகப்பிலிருந்து பின்கட்டு வரை வாசல்கள் ஒரே நேர்கோட்டில் இருக்கும். பகலில் அந்த வழியாகச் சிக்னல் நன்றாகவே போகும். ராத்திரி தேக்குக் கதவெல்லாம் சாத்திய பிறகு அளங்கள்.

கேட்காமல் துளை போடுவது

போடாதீர்கள். முட்டை வெள்ளைக்கரு சேர்த்து மெருகேற்றிய பூச்சு பெயர்ந்தால் சிமெண்ட் வைத்து ஒட்டுப்போட முடியாது. ஜன்னல் கட்டையோரம், நிலைக்கு மேலே பழைய கரண்ட் ஒயர் போன துளை என்று ஏதாவது வழி இருக்கும். வீட்டுக்காரர்களோடு நடந்து பார்த்துத் தேடுங்கள். மொட்டைமாடி வழியாகத்தான் போக முடியும் என்றால் செம்பு ஒயர் வேண்டாம். இடி மின்னல் நாளில் இரண்டு பக்கப் பெட்டியும் போகும். அங்கே ஃபைபர் இழுத்து, இரு முனையிலும் ஃபைபரையும் செம்பு ஒயரையும் இணைக்கும் மீடியா கன்வெர்ட்டர் வையுங்கள். கண்ணாடி இழையில் மின்சாரம் பாயாது.