டம்பெல்லில் கூடுதல் எடை கட்டுவதற்கு முன்: பலரும் செய்யும் தவறுகள்

10 கிலோ டம்பெல்லில் 12 ரெப்ஸ், அதாவது 12 தடவை தூக்கி இறக்குவது, அலட்டிக்கொள்ளாமல் போகிறது. ரேக்கில் அடுத்து இருப்பது 12.5. அதை எடுத்தால் ஐந்தாவது ரெப்பிலேயே இடுப்பு பின்னால் சாய்கிறது, தோள் காதுக்கு ஏறுகிறது. உங்களிடம் குறை ஏதும் இல்லை, கணக்கு அப்படி. 10-லிருந்து 12.5-க்குப் போவது 25 சதவீத ஏற்றம். 5-லிருந்து 7.5 என்றால் 50 சதவீதம். 40 கிலோ தூக்குபவருக்கு அதே இரண்டரை கிலோ வெறும் 6 சதவீதம்தான். அதனால் சின்ன டம்பெல் பிடிப்பவர்களுக்குத்தான் இந்த இடைவெளி பெரிய பள்ளமாகத் தெரியும். வீட்டில் ஒரே ஒரு ஜோடி வைத்திருப்பவர்களுக்கோ அடுத்த படியே கிடையாது.

இங்கேதான் டேப், கயிறு, காந்தம், தண்ணீர் பாட்டில் எல்லாம் களத்தில் இறங்குகின்றன. யோசனை தவறில்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்க ராணுவ மருத்துவர் தாமஸ் டிலார்ம், காயம்பட்ட வீரர்களின் முழங்காலைத் தேற்ற, காலில் இரும்புக் காலணியைக் கட்டி அதில் எடையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினார். இன்று எல்லா ஜிம்மிலும் சொல்லும் ‘படிப்படியாக எடை ஏற்று’ முறை பரவியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் அந்தக் காலணி பாதத்தோடு இறுகக் கட்டப்பட்டிருந்தது. கூட்டிய எடை டம்பெல்லின் ஓர் உறுப்பாகவே ஆகிவிட வேண்டும்: ஆடக் கூடாது, ஒரு பக்கம் சாயக் கூடாது, கழலக் கூடாது. கீழே வரும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த மூன்றில் ஒன்றை மறந்ததால் வருபவை.

முதலில் டேப். இரும்பு பிளேட் ஒன்றை டம்பெல்லின் தலையோடு சேர்த்து டக்ட் டேப்பால் நான்கு சுற்று சுற்றுவது, ஆபத்தான வழிகளில் முதலிடம் பிடிப்பது. சுற்றி முடித்ததும் கல் மாதிரி இறுக்கமாகத்தான் இருக்கும், அதுதான் ஏமாற்று. உள்ளங்கை வியர்வை, சாக் பவுடர், அறையின் சூடு எல்லாம் சேர்ந்து பசையை இளக்கும். டேப் ஒரேயடியாக அறுவதில்லை. ரெப்புக்கு ரெப் ஒரு நூல் அளவு நகரும், நீங்கள் கவனிக்கவே மாட்டீர்கள். அதோடு, எடையை வேகமாக இறக்கிச் சட்டென்று நிறுத்தும்போது டேப் மேல் விழும் இழுப்பு, கட்டிய எடையைவிடக் கூடுதல். மேசை மேல் வைத்துப் பிடித்து இழுத்துப் பார்த்து ‘நிற்கிறது’ என்று முடிவு செய்வதில் அர்த்தமில்லை. பெஞ்சில் படுத்து முகத்துக்கு நேரே தூக்கும் எந்தப் பயிற்சிக்கும் டேப் வேண்டாம். தலைக்கு மேலே தூக்கும் ஷோல்டர் பிரெஸ், தலைக்குப் பின்னால் இறக்கும் ட்ரைசெப்ஸ் பயிற்சி, இரண்டுக்கும் அதே தடை.

காந்தம் இதைவிட எவ்வளவோ மேல். டம்பெல் தலையில் ஒட்டிக்கொள்வதற்கென்றே அரை கிலோ, ஒரு கிலோ அளவில் காந்த எடைகள் விற்கிறார்கள். அதிலும் இரண்டு விஷயத்தில் சறுக்குகிறார்கள். ஒன்று, ரப்பர் உறை போட்ட டம்பெல். இரும்புக்கும் காந்தத்துக்கும் நடுவே சில மில்லிமீட்டர் ரப்பர் வந்தாலே பிடிப்பு வெகுவாகக் குறைந்துவிடும். வளைந்த தலையிலும் இதே கதை, ஒட்டும் பரப்பு போதாது. இன்னொன்று, சோதிக்கும் விதம். நேராகப் பிடுங்கினால் அசையாத காந்தம், பக்கவாட்டில் தள்ளினால் வழுக்கிக்கொண்டு வரும். அதனால் கட்டைவிரலால் பக்கவாட்டில் அழுத்தித் தள்ளிப் பாருங்கள். நகர்ந்தால் அது வேலைக்கு ஆகாது. அப்புறம், டம்பெல் பிரெஸ்ஸில் மேலே போய் இரண்டு டம்பெல்லையும் ‘டக்’ என்று முட்டும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். உள்பக்கக் காந்தங்கள் ஒன்றையொன்று கவ்விக்கொண்டால் அந்த நேரத்தில் பிரிப்பது பெரும்பாடு. நடுவில் விரல் சிக்கினால் இன்னும் மோசம். பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் வலுவான காந்தங்களை நெஞ்சருகே கொண்டுபோகவே கூடாது.

டேப்போ காந்தமோ, ஒரு முனையில் மட்டும் எடை சேர்ப்பது தனித் தவறு. கையில் ஒரே ஒரு ஒரு கிலோ காந்தம்தான் இருக்கிறது, ஒரு பக்கம் ஒட்டிக்கொள்கிறேன் என்றால், அது பிடியிலிருந்து தள்ளி உட்கார்ந்து மணிக்கட்டை முறுக்கும். பைசெப்ஸுக்காக நீங்கள் கூட்டிய எடை, முன்கையைத் திருப்பும் சின்னத் தசைகளிடம் போய்ச் சேரும். முழங்கை வலியோடு வந்து ‘எடை கூட்டியதால் வலிக்கிறது’ என்பவர்களில் சிலருக்குக் காரணம் எடை கூடியது அல்ல, கோணலாகக் கூடியதுதான். அரை கிலோ கூட்ட வேண்டுமா, இரண்டு முனையிலும் கால் கிலோ.

கயிற்றிலோ பையிலோ எடையைத் தொங்கவிடுவதில் சங்கதி வேறு. தொங்கும் எடை ஊஞ்சல் ஆடும். முழங்கையை மடக்கி எடையைத் தூக்கும் கர்ல் பயிற்சியைச் செய்யும்போது அது கொஞ்சம் தாமதமாகக் கிளம்பி, கை மேலே வந்த பிறகும் ஆடிக்கொண்டிருக்கும். தூக்கவே முடியாத மாதிரி தோன்றும், ஆனால் அந்தச் சிரமம் பாதி ஆட்டத்தை அடக்குவதில் போகிறது. கடினமாக இருப்பதும் எடை கூடுவதும் ஒன்றல்ல. கைப்பிடியில் தடிமனான துண்டைச் சுற்றிக்கொண்டு ‘கனமாகிவிட்டது’ என்பதும் இந்த ரகம்தான். கனம் அதேதான், விரல்கள்தான் முதலில் சோர்ந்துபோகும். ஒரு கையில் இரண்டு டம்பெல்லைச் சேர்த்துப் பிடிப்பதைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. வேண்டாம்.

என்னைக் கேட்டால், சின்ன அளவில் கூட்ட மிகப் பாதுகாப்பான வழி, கணுக்காலுக்கென்று விற்கும் மணல் பட்டையை மணிக்கட்டில் கட்டிக்கொள்வது. கழன்று முகத்தில் விழாது, விரல் பிடியையும் சோர்வாக்காது. ஆனால் கணக்கில் ஒரு நுணுக்கம் உண்டு. கர்லில் எடை முழங்கையிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதுதான் தசைக்குத் தெரியும். பிடி சுமார் 33 செ.மீ. தூரத்தில் என்றால் மணிக்கட்டு சுமார் 25 செ.மீ.-தான். அதனால் மணிக்கட்டில் கட்டிய ஒரு கிலோ, கர்லில் ஏறக்குறைய முக்கால் கிலோவாகத்தான் வேலை செய்யும். கையைப் பக்கவாட்டில் உயர்த்தும் லேட்டரல் ரைஸில் தூரம் தோளிலிருந்து அளக்கப்படுவதால் இந்த வித்தியாசம் சிறுத்துவிடும். பெஞ்ச் பிரெஸ்ஸில் முன்கை செங்குத்தாக நிற்பதால் கிட்டத்தட்ட முழு எடையும் சேரும். நோட்டில் ‘10+1’ என்று எழுதி வைப்பவர்கள் இதை மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

ரெசிஸ்டன்ஸ் பேண்ட் என்ற இழுபடும் ரப்பர் பட்டையை டம்பெல்லோடு சேர்த்துப் பிடிப்பவர்கள் அதன் மேல் அச்சிட்ட எண்ணை நம்பிவிடுகிறார்கள். பேண்ட் எடை அல்ல. தொய்வாக இருக்கும்போது ஒன்றும் தராது, இழுக்க இழுக்க ஏறும். டம்பெல் கர்லில் முன்கை தரைக்கு இணையாக இருக்கும்போதுதான் மிகக் கடினம், பேண்டோ மேலே போகப் போக இழுக்கும். இரண்டும் சேர்ந்தால் பயிற்சியின் குணமே மாறிவிடும். அது கெட்டது என்று சொல்லவில்லை, ‘5 கிலோ கூட்டினேன்’ என்று கணக்கு எழுதாதீர்கள், அவ்வளவுதான். கால் அடியில் மிதித்திருக்கும் பேண்ட் வழுக்கினால் நேரே முகத்துக்கு வரும். இழுத்துப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தால் ரப்பரில் மெல்லிய வெடிப்புகள் தெரியும். தெரிந்தால் குப்பைக்கு.

பிளேட் மாற்றிக்கொள்ளும் டம்பெல் கம்பி இருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது, ஆனால் அதிலும் குழி உண்டு. பிளேட் ஓட்டைகள் 25, 28, 30 மி.மீ. என்று கலந்து கிடைக்கின்றன. ஒலிம்பிக் பார்பெல் பிளேட்டில் 50. மெல்லிய கம்பியில் பெரிய ஓட்டை பிளேட்டைப் போட்டால் ஒவ்வொரு ரெப்புக்கும் லொடலொட என்று ஆடும், அந்த அதிர்வே நட்டைத் தளர்த்திவிடும். நட்டின் உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் தேய்ந்தோ தொலைந்தோ போயிருந்தாலும் இதே கதிதான். இன்னொரு பிளேட் போட ஆசைப்பட்டு, நட்டு இரண்டு மரையை மட்டும் கவ்வும்படி விடுவது அபாயம். இறுக்கிய பிறகு நட்டுக்கு வெளியே கம்பியின் மரை கொஞ்சமாவது தெரிய வேண்டும். செட்டுக்கு செட் ஒரு திருகு திருகி உறுதி செய்வது மூன்று வினாடி வேலை.

டயல் திருகி எடை மாற்றும் ரகத்தில் காந்தமோ டேப்போ போட்டு மேலும் ஏற்றுவது தேவையில்லாத விளையாட்டு. 2025 ஜூனில் அமெரிக்காவில் போஃப்ளெக்ஸ் என்ற பிராண்டின் 552, 1090 மாடல் டம்பெல்கள் சுமார் 38 லட்சம் திரும்பப் பெறப்பட்டன. பயன்படுத்தும்போது பிளேட்டுகள் கழன்று விழக்கூடும் என்பதுதான் காரணம். தொழிற்சாலையில் வடிவமைத்த பூட்டுக்கே இந்த நிலை என்றால் நம் டேப்பைப் பற்றி என்ன சொல்ல.

உள்ளே நிரப்பும் பிளாஸ்டிக் டம்பெல்லில் தண்ணீருக்குப் பதில் மணல் போட்டால், அதே கொள்ளளவில் எடை ஒன்றரை மடங்குக்கு மேல் ஏறும். லிட்டருக்குத் தண்ணீர் ஒரு கிலோ, உலர் மணல் சுமார் 1.6. எதைப் போட்டாலும் கழுத்து வரை நிரப்புங்கள், பாதி நிரப்பினால் உள்ளே அலையடித்து எடை இடம் மாறிக்கொண்டே இருக்கும். ஈயக் குண்டுகள் கனமானவைதான், ஆனால் ஈயம் நச்சு. அதன் தூள் கையில் படியும், கை வாய்க்குப் போகும்.

சரி, இவ்வளவும் தேவையா? பலருக்குத் தேவையில்லை என்பது என் கருத்து. 10 கிலோவில் 12 ரெப்ஸ் வருகிறதென்றால் 15, 18 என்று ஏற்றலாம். இனி ஒன்றுகூட முடியாது என்ற நிலைக்கு அருகில் போகும்வரை, லேசான எடையில் அதிக ரெப்ஸ் செய்தாலும் தசை வளரும். அதிகபட்ச வலிமைக்குத்தான் கனமான எடை கட்டாயம். இறக்குவதை நான்கு வினாடிக்கு நீட்டிப் பாருங்கள், கீழே ஒரு வினாடி நிறுத்திப் பாருங்கள், பழைய எடை புதிதாகத் தெரியும். ஸ்குவாட், லஞ்ச் மாதிரி கால் பயிற்சிகளுக்கு டம்பெல்லே கனமாக வேண்டும் என்று யார் சொன்னது? புத்தகம் திணித்த முதுகுப்பையை முதுகோடு ஒட்டி இறுக்கிக் கட்டினால் பத்து கிலோ எளிதாகச் சேரும், கைக்கும் பாரமில்லை.

அப்படியும் ஏற்றியே தீருவேன் என்றால், கட்டி முடித்ததும் எடை போடுங்கள். குளியலறைத் தராசில் வெறும் ஆளாக ஒரு தரம், டம்பெல்லோடு ஒரு தரம் ஏறி, வித்தியாசத்தைப் பாருங்கள். இரண்டு கைக்கும் தனித்தனியாக. பிறகு மெத்தைக்கு மேலே பிடித்துத் தலைகீழாகக் கவிழ்த்து நன்றாக உதறுங்கள். சத்தம் வந்தாலோ, நகர்ந்தாலோ அவிழ்த்துவிட்டு மறுபடி ஆரம்பியுங்கள். பொது ஜிம் என்றால் ரேக்கில் திரும்ப வைக்கும் முன் எல்லாவற்றையும் கழற்றிவிட்டுப் பிசினைத் துடைத்து வையுங்கள். 10 என்று எழுதியிருப்பதை நம்பித்தான் அடுத்தவர் எடுப்பார்.