பேப்பர்ல ஜெட் செய்யும்போது கத்திரிய எடுக்கதுக்கு முன்னாடியே நடக்குற தப்புகள்

கோடை லீவு விட்டாச்சுன்னா எங்க பாளையங்கோட்டை வீட்டு மாடில அக்கா பிள்ளைங்க, பக்கத்து வீட்டு பிள்ளைங்கன்னு ஒரு கூட்டமே உக்காந்து பேப்பர்ல நம்ம தேஜஸ் போர் விமானம் செய்யும், மடிச்சு பறக்க விடுற ராக்கெட் இல்ல, உடம்பு றெக்கை வால்னு எல்லாம் வச்சு ஷோகேஸ்ல நிக்கிற மாடல். கோணலா வந்தா உடனே வெட்டுனது சரியில்லன்னு நினைக்காங்க, ஆனா நான் பாத்த வரைக்கும் தப்பு வரையும்போதே நடந்திருக்கும்.

ஒரு போட்டோவ மட்டும் பாத்து வரையாதீங்க. கேமரா பக்கம் இருக்க மூக்கு பெருசாவும் வால் சின்னதாவும் தான் தெரியும். மேல, பக்கவாட்டு, முன்பக்கம்னு மூணு படமும் வேணும். நெஜ தேஜஸ் நீளம் 13.2 மீட்டர், றெக்கையோட 8.2 மீட்டர் அகலம், வழக்கமா எல்லாரும் செய்ற 33ல ஒரு பங்குக்கு கொண்டு வந்தா 40 சென்டிமீட்டர் நீளம் வருது, ஏ4 தாளோ 29.7 தான், அதனால உடம்ப துண்டு துண்டா தான் பிரிச்சாகணும். பிரிண்ட் எடுக்கும்போது கடைக்காரர்கிட்ட 100 சதவீதத்துல போடுங்க அண்ணாச்சின்னு சொல்லிருங்க, ஒரு ஷீட் மட்டும் சுருங்கி வந்தா கூட துண்டுக ஒன்னோட ஒன்னு சேராது.

நிறைய பேர் மாட்டுறது மூக்குல தான். கூம்ப விரிச்சா வட்டத்துல ஒரு துண்டு மாதிரி வரும், அந்த வட்டத்தோட ஆரம் கூம்போட உயரம்னு நினைச்சிருதாங்க, அது இல்ல, நுனில இருந்து அடி விளிம்பு வரைக்கும் உள்ள சரிவு நீளம். அடி விட்டம் 3 சென்டிமீட்டர், சரிவு 6 சென்டிமீட்டர்னா 1.5ஐ 6ஆல வகுத்து 360ஆல பெருக்குங்க, 90 டிகிரி, சரியா கால் வட்டம். பசைக்கு ஓரம் தனியா விடணும். பேப்பர் ஒரு பக்கமா தான் வளையும், பந்து மாதிரி எல்லா பக்கமும் வளையாது, அதனால மூக்கு உருண்டு வரணும்னா குட்டி குட்டி வளையமா பிரிச்சு அடுக்கணும்.

அடுத்தது பேப்பரோட போக்கு. பத்தமடை பாய சுருட்டும்போது கோரை மடியாம நேரா தான இருக்கு, குறுக்க சுருட்டுனா முறிஞ்சு போகும்லா, பேப்பர்லயும் அதே மாதிரி நார் ஓடுது. எந்த பக்கம் சுருட்டுனா லேசா வளையுதுன்னு கையால அமுக்கி பாருங்க, அந்த சுருளோட நீளத்துக்கு தான் நார் ஓடுது, அது உடம்போட நீளத்துக்கு வர்ற மாதிரி வரைங்க, இல்லைன்னா உடம்பு பூரா சுருக்கம் தான். 160, 180 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாள் எத்தன கிராம்ங்கிற கணக்கு) தாள் வாங்குங்க, ஜெராக்ஸ் தாள் தாங்காது.

உடம்பு உருண்டையா நிக்கதுக்கு உள்ள வைக்க அட்டை வட்டத்த வரைஞ்ச அளவுக்கே வெட்டுறதும் தப்பு தான். தாள் கனம் கால் மில்லிமீட்டர்னு வைங்க, துண்டுகள சேக்க உள்ள ஒட்டுற இணைப்பு பட்டை இன்னொரு கால், இதுவே சுத்தளவுல ரெண்டு மில்லிமீட்டருக்கு மேல இழுத்துரும், அப்புறம் எவ்வளவு அமுக்குனாலும் விளிம்பு ரெண்டும் சேராது. அட்டைய உப்புத்தாள்ல கொஞ்சம் கொஞ்சமா தேச்சு, இறுகாம உள்ள போறவரை போட்டு போட்டு பாருங்க. விளிம்பு ரெண்டும் சேருற தையல் விமானத்தோட வயித்துப்பக்கம் வரட்டும். றெக்கை ரெண்டுக்கும் உடம்பு வழியா ஒரே அட்டைப்பட்டைய குறுக்க விட்டா தொங்காது.

ஃபெவிகால டப்பாவோட பிதுக்காதீங்க, வாரியல் ஈர்க்கு நுனில தொட்டு மெல்லிசா இழுத்தா போதும், ஜாஸ்தியானா தாள் ஊறி நெளிஞ்சிரும். ஆனி ஆடில தென்காசி பக்கமிருந்து சாரல் காத்து வரும்போது தாள் தன்னால ஈரத்த இழுக்கும், அந்த நாள்ல றெக்கைய ஒட்டுனா கனமான புஸ்தகத்துக்கு அடில ராத்திரி பூரா வச்சுட்டு விடிஞ்சப்புறம் எடுங்க.